கீழ்வீட்டு நம்பர்

1997 ஜூன் 9, திங்கள்

தண்ணீர் லாரி வரவில்லை. ஆபீசுக்கு இருபது நிமிஷம் தாமதம். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷ சர்வீசில் இதை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

காலையில் கீழ்வீட்டுக் கருணாகரன் மாடி ஏறி வந்தார். பத்து வருஷத்தில் அவர் மாடி ஏறியது மூன்று தடவை இருக்கும். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். "ஈக்காட்டுத்தாங்கல்ல நம்ம பட்டறைக்குப் பக்கத்திலேயே வீடு முடிஞ்சிருச்சு சார். ஆவணியில பால் காய்ச்சிட்டுக் கிளம்பிருவோம்" என்றார். ரொம்ப சந்தோஷம் என்று சொன்னேன். சந்தோஷம் ஒன்றும் இல்லை.

"போன்?" என்று கேட்டேன்.

"அதையும் மாத்திக்கிட்டுப் போயிருவோம். அந்தப் பக்கத்துக்கு வேற நம்பர்தான் தருவாங்களாம்."

காபி வேண்டாம் என்று இறங்கிப் போய்விட்டார். பாதிச் சவரத்தில், முகத்தில் சோப்பு காய்கிறவரை நான் அங்கேயே நின்றேன்.

ஜூன் 10

எங்கள் வீட்டில் போன் கிடையாது. 1990-ல் பதிவு செய்தது, இன்னும் வரவில்லை. அதனால் ஆபீசில், பாங்கில், சொந்தக்காரர்களின் டைரிகளில் எங்கள் பெயருக்கு எதிரே இருப்பது கருணாகரன் வீட்டு நம்பர்தான். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பி.பி. என்று போட்டிருக்கும். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வாழ்கிறோம், அடுத்தவர் போனில். மணி அடித்தால் கருணாகரனின் மனைவி பங்கஜம் எடுப்பாள். "பத்து நிமிஷம் கழிச்சு அடிங்க" என்று சொல்லிவிட்டு, சாவிக்கொத்தால் மாடிப்படிக் கம்பியில் தட்டுவாள். மூன்று தட்டு என்றால் எங்களுக்குப் போன்.

பாங்க் கணக்கு, அலுவலக சர்வீஸ் ரிஜிஸ்டர் எல்லாவற்றிலும் நம்பரை மாற்ற வேண்டும். மாற்றலாம். ஒருத்தன் மண்டைக்குள் இருப்பதை எப்படி மாற்றுவது?

ஜூன் 11

எழுதிவிடுகிறேன். என் பிள்ளை சாய்நாத் வீட்டில் இல்லை. இருபத்தி இரண்டு மாதம் ஆகிறது. எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அவனுக்குத் தெரிந்த ஒரே நம்பர் கீழ்வீட்டு நம்பர்.

ஜூன் 15, ஞாயிறு

விசாலாக்ஷியிடம் கருணாகரன் காலி செய்வதைச் சொன்னேன். பங்கஜம் எப்போதோ சொல்லிவிட்டாளாம். மோர்மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "நல்லதுதானே, சொந்த வீடு" என்றாள்.

"நம்பர் போறதேடி" என்றேன்.

"போகட்டும்னா. வேற நம்பர் வரும்."

பெற்றவள் பேசுகிற பேச்சா இது? பிறகு தோன்றியது: அவள் எப்போதோ நம்பிக்கையை விட்டிருப்பாள். எனக்குத்தான் இன்னும் விடவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அவனைத் துரத்தியதே நான்தான்.

ஜூன் 18

அவனைத் துரத்திய நாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆவணி, முகூர்த்த நாள். தி.நகரில் கல்யாண மண்டபம். என் கூட வேலை பார்த்தவர் பெண் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், இலையில் சாதம் விழுந்துவிட்டது. சாம்பார் வாளியோடு வருகிறவன் என் பிள்ளை. ஆடிட்டர் ஆபீசுக்குப் போவதாகச் சொல்லி காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்பியவன். வேஷ்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு. ஐந்து மாதமாக ஆடிட்டர் ஆபீஸ் பக்கமே போகவில்லை, சமையல் காண்ட்ராக்டரோடு சுற்றிக்கொண்டிருந்தான் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

கரண்டியில் மொண்டு நீட்டினான். "அப்பா, சாம்பார்" என்றான்.

நான் எழுந்துவிட்டேன். பாதிச் சாப்பாட்டில், வரிசை முழுக்கப் பார்க்க, இலையை விட்டு எழுந்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவனிடம், இந்த ஆத்தில் உனக்கு இனி இலை கிடையாது என்றேன். ஒரு பையை எடுத்துக்கொண்டு போனான்.

ஜூன் 23

வெள்ளைத்துரைக்கு என் பக்கத்து மேஜை. பேஜர் வாங்கியிருக்கிறான். இடுப்பில் தாயத்து மாதிரி மாட்டிக்கொண்டு வருகிறான். இன்று அது 'கீ கீ' என்று கத்தியது. பார்த்தால், வீட்டிலிருந்து 'கம் சூன்'. எதற்கு என்று கேட்க வேண்டுமே, அதற்கு மூன்று மாடி இறங்கி டீக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிற பூத்துக்கு ஓடினான். கறிவேப்பிலைக்காம்.

"இன்னா சார் சிரிக்கிறீங்க? நீங்களும் ஒண்ணு வாங்குங்க. ஊர் எங்க போயிக்கினு கீதுன்னு தெரியாம கீறீங்க" என்றான்.

சிரித்தேனா? எனக்கே தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

ஒரு நோட்டில் கோடு போட்டேன். பேஜர், செல்லுலார் போன், சாதாரண போன். விலை, மாத வாடகை, எதற்கு உதவும், எதற்கு உதவாது. கட்டம் கட்டமாக அழகாக வந்தது. கிளார்க் புத்தி.

ஜூலை 6, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால் விசாலாக்ஷி பதினோரு மணிக்குக் கீழே போய்விட்டாள். மாதம் ஒருநாள் பங்கஜத்துக்கு ஸ்லோகம் சொல்லிக்கொடுக்கிறாளாம். ஒன்றரை வருஷமாக நடக்கிறது. பங்கஜம் ஒரு ஸ்லோகத்தையாவது முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. குருவின் லட்சணமா சிஷ்யையின் லட்சணமா தெரியவில்லை.

எனக்கு அந்த அரைமணி தனிமை பிடிக்கிறது. கண்ணாடிக்கு முன்னால் நின்று, "சாய், அப்பா பேசறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். குரல் சரியாக வரவில்லை.

ஜூலை 12, சனி

பாண்டி பஜார் பக்கத்தில் ஏ.சி. போட்ட கடை ஒன்றுக்குப் போனேன். கீர்த்தி என்று பெயர் குத்திக்கொண்டிருந்த பெண் நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். செல்லுலார் போனைக் கையில் வைத்துப் பார்த்தேன். அரைச் செங்கல் கனம். கருவி மட்டுமே என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். பேசினால் நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய் சொச்சம். யாராவது நம்மைக் கூப்பிட்டாலும் நாம்தான் கொடுக்க வேண்டுமாம்! என் பிள்ளை என்னைத் திட்டினால் நிமிஷத்துக்குப் பதினாறு. பரவாயில்லை, திட்டட்டும். பி.எஃப். லோன் போடுவேன்.

"விலையை அப்புறம் பார்க்கலாம் சார். முதல்ல உங்க தேவை என்னன்னு சொல்லுங்க. அதுக்கு ஏத்த மாதிரிதான் எடுக்கணும்" என்றாள். கெட்டிக்காரப் பெண். "உங்களுக்கு யாரு அதிகமா கூப்பிடுவாங்க?"

"ஒருத்தர்."

"எவ்வளவு தடவை கூப்பிடுவாங்க சார்? ஒரு நாளைக்கு, உத்தேசமா?"

"ஒரு தடவை கூப்பிட்டார். போன வருஷம்."

பேனாவை மூடி வைத்தாள். பேஜருடைய விளம்பரத் தாள் ஒன்றை மட்டும் கொடுத்து, "யோசிச்சிட்டு வாங்க சார்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஜூலை 13, ஞாயிறு

அந்த ஒரு தடவை.

போன வருஷம் போகி, ஞாயிற்றுக்கிழமை. விசாலாக்ஷி கோயிலுக்குப் போயிருந்தாள். மூன்று தட்டு கேட்டது. இறங்கிப் போனேன். பங்கஜம் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, சிரித்த முகமாக, "மாமா, நம்ம சாய் பேசுதான்! காத்திரு, வெச்சிராதன்னு லைன்லயே நிப்பாட்டி வெச்சிருக்கேன்" என்றாள்.

கைநீட்டினால் எட்டும் தூரம்.

"நான் ஆத்துல இல்லைன்னு சொல்லிடுங்கோ" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவையும் சொன்னேன், கொஞ்சம் உரக்கவே. அவள் பொத்தியிருந்த கை நழுவியிருந்ததா? அவன் காதில் விழுந்ததா? பதினெட்டு மாதமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "மாமிகிட்ட சொல்லாதீங்கோ" என்று வேறு பங்கஜத்திடம் கேட்டுக்கொண்டேன். அவள் இன்றுவரை சொல்லவில்லை.

எனக்கு என்ன வந்தது அன்னிக்கு? ஏன் அப்படிச் சொன்னேன்? முதலில் அவன் என்னிடம் கெஞ்சட்டும் என்று இருந்தது. மறுநாள் மறுபடி கூப்பிடுவான் என்று நிச்சயமாக நினைத்தேன். பொங்கல் அன்று முழுக்க சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன், தட்டினால் உடனே இறங்க. தட்டவில்லை.

அதற்குப் பிறகு அவன் கூப்பிடவே இல்லை.

ஜூலை 15

பேஜர் உதவாது. அவன் நம்பர் தெரிந்து கூப்பிட்டாலும் நடுவில் ஆபரேட்டர் பெண் இருக்கிறாள். அவளிடம் சொல்ல வேண்டும், அவள் தட்டிவிட வேண்டும், இங்கிலீஷ் எழுத்தில் வரும். அப்பனும் பிள்ளையும் சமாதானம் ஆக மூன்றாவதாக ஒரு டைப்பிஸ்ட்.

நோட்டில் பேஜர் கட்டத்தை அடித்தேன்.

ஜூலை 22

விசாலாக்ஷியிடம் செல்லுலார் போன் பற்றிப் பேசினேன். எங்கே போனாலும் கூடவே இருக்கும், ஒரு அழைப்பும் தப்பாது என்றேன்.

"ஆபீசுக்கும் எடுத்துண்டு போயிடுவேளா?"

"பின்னே? அதுக்குத்தானே அது."

"அது வேண்டாம்னா. தூக்கிண்டு போறது எதுவும் வேண்டாம். ஆத்துலயே இருக்கற மாதிரி, வயர் வெச்சதா வாங்குங்கோ."

கட்டுசெட்டுக்காரி, செலவைப் பார்த்துச் சொல்கிறாள். இவ்வளவு அழுத்தமாக அவள் எதையும் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக்கூட என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது 'உங்க இஷ்டம்' என்றவள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

லீவு போட்டு டெலிபோன் ஆபீசுக்குப் போனேன். கவுன்ட்டரில் அஸ்மத்துன்னிசா என்று பெயர்ப்பலகை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற அம்மாள். பெரிய ரிஜிஸ்டரைப் புரட்டி, "அக்டோபர்ல உங்க முறை வந்துரும் சார்" என்றார். எட்டாவது வருஷத்தில் வரம்.

"எனக்குப் புது நம்பர் வேண்டாம். கீழ்வீட்டு நம்பரை என் பேருக்கு மாத்தணும். அவா காலி பண்ணப் போறா, அவாளுக்கு ஆட்சேபணை இல்லை."

"ரத்த சொந்தமா சார்?"

"மாடி வீடு."

அவர் சிரிக்கவில்லை. "மாடி வீட்டுக்கு ரூல் இல்லியே சார்" என்றார். பிறகு மெதுவாக, "அந்த நம்பர்ல என்ன சார் இருக்கு?" என்று கேட்டார்.

"பையன்" என்றேன்.

பின்னால் நின்றவர் இருமினார். அந்த அம்மாள் ஒரு தாளில் என் பதிவு எண்ணை எழுதி, வாங்கிக்கொள்ளும்படி நீட்டிக்கொண்டே சொன்னார்: "அவங்க போனப்புறம் கொஞ்ச நாள், இந்த எண் உபயோகத்தில் இல்லைன்னு டேப் ஓடும். அப்புறம் வேற யாருக்காவது போயிரும். நான் ஒண்ணும் பண்ண முடியாது சார்."

நேர்மையானவர். யாராவது ஒருத்தர் பொய்யாவது சொல்லக்கூடாதா?

ஆகஸ்ட் 10

நோட்டை எடுத்துப் பார்த்தேன். தேவை: அவன் கூப்பிட வேண்டும். பட்ஜெட்: எவ்வளவானாலும். இதற்கு ஏற்ற கருவி: இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சமையல் காண்ட்ராக்டர் ஸ்ரீரங்கனைத் தேடிப் போனேன். இரண்டு வருஷமாக அவர் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறவன் நான். அந்தக் கல்யாணத்தில் கிளம்பும்போது, பிள்ளையைக் கெடுத்தவர் என்று அவரையும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். வாசலில் அண்டாக்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நான் யாரென்று தெரிந்ததும் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"என்கிட்ட இல்லை மாமா. அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் மூணே மாசம்தான் இருந்தான், வடக்கே கிளம்பிட்டான். சமையல்காரன் விலாசத்தை யார் எழுதி வெச்சுக்கறா?"

எழுந்தேன். அவர் வாசல்வரை வந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று நின்றார். அப்புறம் சொன்னார்.

"அன்னிக்கு நீங்க எழுந்து போனேளே. உங்க இலையை எடுக்க ஆள் வந்தா. யாரும் தொட வேண்டாம்னுட்டான். அவனே மடிச்சு எடுத்துண்டு போனான். அப்புறம் அந்தப் பந்தி முடியற வரைக்கும் பரிமாறினான் மாமா. ஒரு இலையில குறை வெக்கலை."

வீட்டுக்கு வந்தது எந்த வழியாக என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 18

ஆபீசுக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 25

பத்திரிகை ஆபீசில் விளம்பரம் கொடுக்கலாமே என்று வெள்ளைத்துரை சொன்னான். ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 'காணவில்லை' என்று ஆரம்பித்தேன். அவன் காணாமல் போகவில்லையே, நான் அனுப்பினேன். கிழித்துவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

முதல் ஞாயிறு. கீழே கடைசி ஸ்லோக வகுப்பு. விசாலாக்ஷி திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. பத்து வருஷ சிநேகிதம், பிரிவது கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் என் காரணம் வேறு.

செப்டம்பர் 12, வெள்ளி

கருணாகரன் காலி செய்தார். போன் நேற்றே போய்விட்டது. லைன்மேன் வந்து வயரைச் சுருட்டினான். மொத்தமாக ஐந்து நிமிஷ வேலை.

லாரியில் பாத்திரங்கள் ஏறிக்கொண்டிருந்தபோது பங்கஜத்தைத் தனியாகப் பிடித்தேன். "அந்தப் போகிக்கு அப்புறம் அவன் கூப்பிடவே இல்லையா? ஒரு தடவைகூட?"

அவள் மாடிப்படியைப் பார்த்தாள். சாவிக்கொத்து கையில் இருந்தது.

"நான் என்னத்தச் சொல்ல மாமா. என்கிட்ட கேக்காதீய. மாமியக் கேளுங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு லாரிப் பக்கம் போய்விட்டாள்.

மாமியை எப்படிக் கேட்பது? கேட்டால் போகி அன்று நடந்ததைச் சொல்ல வேண்டுமே.

செப்டம்பர் 15

கோயில் குளத்துக்கு மேற்கே ஹாஜிரா பீ நடத்துகிற எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், பழைய நம்பரை அடித்தேன். டேப் ஓடியது. இந்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை. தமிழில், இங்கிலீஷில், ஹிந்தியில். வடக்கே இருக்கிறவனுக்கு மூன்றில் எந்த மொழியில் கேட்டாலும் புரியும். அதுதான் குறை.

அக்டோபர் 5, ஞாயிறு

முதல் ஞாயிறு. விசாலாக்ஷி ஈக்காட்டுத்தாங்கலுக்கு பஸ் ஏறிப் போயிருக்கிறாள். ஸ்லோகம் சொல்லிக்கொடுக்கவாம்! இரண்டு பஸ் மாறி! நானும் முப்பது வருஷமாக இவளைப் பார்க்கிறேன், இந்தப் பக்தியை எங்கே வைத்திருந்தாள்?

ரசத்தைச் சூடுபண்ணிச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 14

டெலிபோன் ஆபீசிலிருந்து கடிதம். அந்த அம்மாள் சொன்ன சொல் தவறவில்லை. பணம் கட்டிவிட்டேன். வெள்ளைத்துரை, கார்ட்லெஸ் வாங்குங்க சார், மொட்டை மாடியில் உலாத்திக்கினே பேசலாம் என்றான். விசாலாக்ஷி வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். டெலிபோன் ஆபீசில் கொடுக்கிற கருவியே போதும் என்றேன். யார் கூப்பிடப் போகிறார்கள்? மின்சாரக் கட்டணம் கட்டச் சொல்லி நானே எனக்கு அடித்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 27, திங்கள்

போன் வந்தது. கூடத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில், என் சாய்வு நாற்காலிக்கு இரண்டடி தள்ளி. உள்ளே சமையலறைப் பக்கம் வைக்க முடியுமா என்று விசாலாக்ஷி லைன்மேனைக் கேட்டாள். வயர் போதாது என்றான். பூ வைத்து, குங்குமம் வைத்தாள்.

அக்டோபர் 28

தீபாவளிக்கு முன் எல்லோருக்கும் புது நம்பர் தெரிவிக்கலாம் என்று பதினைந்து போஸ்ட் கார்டு வாங்கி வந்தேன். பதினான்கு எழுதினேன். பதினைந்தாவது மேஜைமேல் இருந்தது. அதில் யார் விலாசம் எழுதுவது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அதைக் காணவில்லை. விசாலாக்ஷியைக் கேட்டேன். கோலம் போடும்போது கணக்கு எழுத எடுத்தேன் என்று ஏதோ சொன்னாள்.

அக்டோபர் 30, தீபாவளி

அவன் இல்லாத மூன்றாவது தீபாவளி. இரண்டு பேருக்கு ஒரு சரவெடி எதற்கு? வாங்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கையெழுத்து சரியாக வராது. பரவாயில்லை.

காலையில் பத்தரை மணியிலிருந்து விசாலாக்ஷி என்னை வெளியே அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றிலை வாங்கிண்டு வாங்கோ. வேண்டாம், மளிகைக் கடையில் பெருங்காயம். சரி, உங்க சிநேகிதாள் யாரையாவது பார்த்துட்டு வரக்கூடாதா? வெளியே மழை கொட்டுகிறது. "இந்த மழையில எவன்டி பெருங்காயம் வாங்குவான்" என்று பேப்பரை விரித்தேன்.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது. புதுப் போனுக்கு முதல் மணி.

நான் கை நீட்டுவதற்குள் அவள் ஓடி வந்தாள். அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. எடுத்தாள். என்னைப் பார்த்தாள்.

"சொல்லுடா" என்றாள்.

உள்ளே மெல்லிசாக ஒரு குரல். வார்த்தை புரியவில்லை. ஆனால் குரல் தெரியாமல் போகுமா?

என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இல்லை. அப்பா ஆத்துல இல்லை. நீ பேசு."

நான் இரண்டடி தூரத்தில் நாற்காலியில் இருந்தேன். கையில் பேப்பர். சத்தம் போடும் என்று அதை மடிக்கவும் இல்லை. இருமல் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் பேசினாள். குளிர் வந்துடுத்தா? ஸ்வெட்டர் வாங்கினியா? சாப்பிட்டியா? சமைக்கறவன்கிட்டயே கேக்கறேன் பாரு. கார்டு வந்துதா, நம்பர் சரியா எழுதியிருந்தேனா? சிரித்தாள்கூட. பன்னிரண்டு நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பாதிக் கட்டணம், அதனால்தான் ஞாயிறு.

வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"போகி அன்னிக்கே பங்கஜம் கோயில் வாசலுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டா" என்றாள். "அடுத்த மாசத்துலேர்ந்து என்கிட்ட பேசறான். நீங்க பக்கத்துல இருந்தா பேச மாட்டேன்னான். அன்னிக்கு நீங்க சொன்னது அவன் காதுல விழுந்துடுத்து."

விழுந்துவிட்டது. பங்கஜத்தின் கை நழுவித்தான் இருந்திருக்கிறது. அல்லது நான் அவ்வளவு உரக்கச் சொல்லியிருக்கிறேன்.

"எங்கே இருக்கான்?"

"புனேல. விலாசம் கேக்காதீங்கோ. குடுக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

கேட்கவில்லை. ஐந்து மாதமாகக் கட்டம் போட்டுக் கணக்கு போட்டேன். யாருக்காகப் போன், யாருக்கு என்ன தேவை என்று இவளை ஒரு தடவையாவது கேட்டேனா? வயர் வைத்ததாக வாங்குங்கோ என்று அவள்தான் சொன்னாள். நான் தூக்கிக்கொண்டு போக முடியாத போன். சரியான கருவிதான் வாங்கியிருக்கிறேன்.

நவம்பர் 3

அவன் உயிரோடு இருக்கிறான். நன்றாக இருக்கிறான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேண்டும்.

நவம்பர் 9

"ஒரு தடவை என்கிட்ட குடேன். ஒண்ணும் பேச மாட்டேன். கேட்டுண்டு மட்டும் இருக்கேன்" என்று விசாலாக்ஷியிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்று எழுதுவதுதான் சரி.

"உங்ககிட்ட குடுக்கட்டுமான்னு போன வருஷமே கேட்டுப் பார்த்தேன்னா. லைனை வெச்சுட்டான். அப்புறம் ரெண்டு மாசம் கூப்பிடலை. எனக்குப் பயமா இருக்கு."

சரி என்றேன்.

நவம்பர் 16

கட்டம் போட்ட நோட்டைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டேன்.

நவம்பர் 30

நாளையோடு மழை விடும் என்கிறார்கள். விடாது.

டிசம்பர் 7, ஞாயிறு

முதல் ஞாயிறு.

பத்தே முக்காலுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டேன். குடையை எடுத்தேன். எங்கே என்று விசாலாக்ஷி கேட்கவில்லை. செருப்பு மாட்டும்போது வாசல்வரை வந்து, "மெதுவா வாங்கோ, வழுக்கும்" என்றாள். நான் இல்லை என்று அவள் சொல்லும்போது நான் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு பொய் போதும் இந்த வீட்டுக்கு.

குளத்தை இரண்டு சுற்று சுற்றினேன். நல்ல மழை. பதினோரு மணி தாண்டி ஹாஜிரா பீயின் பூத்தில் ஒதுங்கினேன். சும்மா நிற்கக்கூடாதே என்று உள்ளே போய், எங்கள் வீட்டு நம்பரை அடித்தேன்.

எங்கேஜ்டு.

கேட்டுக்கொண்டே நின்றேன். எங்கள் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தேன். அதே சத்தம். பர்ஸைத் திறந்தேன்.

"எங்கேஜ்டுக்குக் காசு இல்லை சார்" என்றாள் ஹாஜிரா பீ. "இன்னும் ஒரு வாட்டி போட்டுப் பாருங்க. கெடைக்கும்."

நாலாவது தடவை மணி அடித்தது. விசாலாக்ஷி எடுப்பதற்குள் வைத்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பினேன்.